லட்டு தின்றது யார்?

நேயர்களே, தீபாவளிக்குப் பிடித்த லட்டை எண்ணி டின்னில் போட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு உண்டு. கல்லூரியில் கணிதம் படித்தவள். படித்ததை இப்படியாவது உபயோகிக்க வேண்டாமா? சென்ற தீபாவளிக்கு 40 லட்டுப் பிடித்தாள். வந்தவர் போனவருக்குக் கொடுத்தது போக 22 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 19 தான் இருந்தன. மூன்று லட்டைக் காணோம்!

மூன்று லட்டுக்காக ஒரு பத்தி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் 12 வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. எட்டு வயதிலிருந்து அதற்குச் சர்க்கரை வியாதி. தினம் நான்கு வேளை இன்ஸுலின் ஊசி. இப்போது புரிகிறதல்லவா, லட்டு எண்ணிக்கையின் தீவிரம்?

"குழந்தைக்குச் சர்க்கரை வியாதியா? சின்ன வயதிலே இனிப்பை வாரிக் கொடுத்திருப்பார்கள்" என்று நம்மில் பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என் அக்காவிடமே கல்யாண வீட்டுப் பந்தியில் ஓர் அம்மாள் இப்படிச் சொல்லி, அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறாள். விஷயம் அது அல்ல. வயிற்றுக்குப் பின்புறம் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. இன்ஸுலினைச் சுரக்கும் அணுக்கள் அதில்தான் உள்ளன. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே, ஆளடையாளம் தெரியாமல், அந்த அணுக்களை அழித்துவிடுகிறது. இதுதான் முதல் வகை நீரிழிவு. லட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெற்றவளின் வளர்ப்புக்கும் சம்பந்தமில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது இரண்டாம் வகை. அங்கே இன்ஸுலின் இருக்கும்; ஆனால் சரிவர வேலை செய்யாது, நாளடைவில் போதாமலும் போகும். மாத்திரையிலேயே பல வருஷம் ஓட்டிவிடலாம். குழந்தைக்கு அப்படியில்லை. அதற்கு ஊசிதான் உயிர்.

போகட்டும், லட்டுக்கு வருவோம்.

நவராத்திரி முதலே அந்தப் பெண்ணின் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. 70-லிருந்து 180-க்குள் இருக்கப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எல்லை போட்டுக் கொடுத்திருந்தார். காலையில் 240, மாலையில் 290, ஒரு நாள் 310. அக்கா முதலில் சுண்டலைச் சந்தேகித்தாள். பிறகு எதிர் வீட்டுக் கொலுவைச் சந்தேகித்தாள். தீபாவளி கழிந்து லட்டுக் குறைந்ததும் சந்தேகம் ருசுவாகிவிட்டது.

"என்ன தின்னே? நிஜத்தைச் சொல்லு!"

"நான் ஒண்ணும் திங்கலைம்மா."

"திங்காமலா மீட்டர் முந்நூறு காட்டறது? மீட்டர் பொய் சொல்லுமா?"

பாட்டி நடுவில் வந்து, "குழந்தையைப் போட்டு இப்படி மிரட்டாதேடி" என்று சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. லட்டு டின் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக் கொண்டது. சாவி அக்காவின் இடுப்பில் ஏறியது. பள்ளிக்கூடப் பையைச் சோதனை போடுவதும் ஆரம்பமாயிற்று. அக்கா கொடுமைக்காரி அல்ல. ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஐந்து மணிக்கு எழுந்து சமையல் செய்கிறவள். பயம் மிஞ்சிப் போனால் அது கோபம் மாதிரிதான் வெளியே வரும். பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், பூட்டுப் போட்ட மறுவாரமே சர்க்கரை இறங்கிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் 140, 155, 132 என்று அழகான கையெழுத்தில் எண்கள் வரிசையாக நின்றன. "பார்த்தாயா, பூட்டுக்கு எத்தனை மகிமை!" என்று அக்கா எனக்கு டெலிபோன் செய்தாள். மூன்று மாதத்திற்கு ஒரு தரம் எடுக்கும் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் காத்திருப்பதற்குப் பத்திரிகைக்காரியைவிடப் பழக்கப்பட்ட துணை யார்?

அந்தப் பரிசோதனைக்கு எச்.பி.ஏ.1.சி. என்று பெயர். ரத்தத்தின் சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக் கொண்டிருக்கிறது என்று அளந்து, இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடும். முடிவு 9.5 என்று வந்தது. சராசரியாக 226 என்று அர்த்தம். நோட்டுப் புத்தகமோ 140 என்கிறது! டாக்டர் ஒன்றும் பேசாமல் மீட்டரை வாங்கி அதன் பொத்தானை அழுத்தினார். மீட்டருக்கு ஞாபகசக்தி உண்டு, நேயர்களே. 278, 301, 256, 294 என்று போன வாரத்துக் கதை முழுவதையும் அது ஒப்புவித்தது.

குழந்தை தலையைக் குனிந்து கொண்டது. அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. அந்த நிமிஷம் எனக்கே எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

டாக்டர் கோபிக்கவில்லை. "பொய்யா எழுதினது ஏம்மா?" என்று மட்டும் கேட்டார். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது: "நம்பர் வந்தவுடனே அம்மா என் மூஞ்சியைப் பார்ப்பா. எனக்குப் பயமா இருக்கும்."

பிறகு அங்கிருந்த நர்ஸ் அம்மாள், "ஊசியை எங்கே போட்டுக்கறே கண்ணு? எனக்குக் காட்டு" என்று குழந்தையைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். இரண்டு நிமிஷத்தில் அக்காவையும் என்னையும் கூப்பிட்டாள். வலது தொடையில் ஓர் எட்டணா அகலத்திற்குச் சதை லேசாக மேடிட்டிருந்தது. பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் ரப்பர் மாதிரி அகப்படுகிறது. "தினமும் இங்கேதானா?" "ஆமாம். இங்கே போட்டா வலிக்கறதே இல்லை."

வலிக்காது! அதுதான் சூட்சுமம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்ஸுலின் போட்டால் அந்த இடத்தில் கொழுப்பு வளர்ந்து கட்டியாகிவிடுகிறது. அங்கே வலி குறைவு. ஆகையால் குழந்தைகள் அந்த இடத்தையே தேடிப் போகின்றன. ஆனால் அந்தக் கட்டிக்குள் போன மருந்து ஒழுங்காக ரத்தத்தில் கலப்பதில்லை. ஒரு நாள் பாதி கலக்கும், ஒரு நாள் தாமதித்துக் கலக்கும். அளவு சரி, வேளை சரி, சாப்பாடு சரி. சர்க்கரை மட்டும் 300. வீட்டில் எல்லோரும் லட்டு டின்னைத் தேடுகிறார்கள். குற்றவாளி பாவாடைக்குள் ஒளிந்து கொண்டிருக்கிறான்!

இடத்தை மாற்றி வயிற்றில் போடச் சொன்னார்கள். இன்றைக்குத் தொப்புளுக்கு வலப்பக்கம் என்றால் நாளைக்கு ஒரு விரற்கடை தள்ளி; ஒரு வாரம் வலம், ஒரு வாரம் இடம். இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல சதையில் மருந்து முழுசாக வேலை செய்யும். ஆகவே பழைய அளவையே போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். டாக்டர் அளவைக் குறைத்தே எழுதிக் கொடுத்தார். அடிக்கடி சோதித்துப் பார்க்கவும் சொன்னார். அப்படியும் நாலாம் நாள் மாலை 62-க்கு இறங்கி, குழந்தைக்குக் கை நடுங்கிற்று. உடனே மூன்று ஸ்பூன் க்ளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, சமாளித்தார்கள். உங்களில் யாராவது கட்டியைக் கண்டுபிடித்தால், டாக்டரைக் கேட்காமல் அன்றைக்கே இடத்தை மாற்றிவிடாதீர்கள்.

லட்டுச் சமாசாரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மாலை, அக்கா கூடத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். அப்போது அவளுடைய மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக் கொண்டார். வயது 74. இரண்டாம் வகைச் சர்க்கரை; காலை ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. "குழந்தை மேலே பழி போட வேண்டாம். அந்த மூணும் நான் எடுத்ததுதான்" என்றார். சற்று நிறுத்தி, "சின்ன லட்டுதானே" என்றும் சேர்த்துக் கொண்டார். மாமனாரை என்ன சொல்வது? அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து போய், சாவிக் கொத்தைக் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி அதை வாங்கிக் கொண்டு தாத்தாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்த வீட்டில் லட்டுக் குறைந்திருக்காது!

நர்ஸ் அம்மாளிடம் அன்று நான் துருவித் துருவிக் கேட்டேன். காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறும்போது சாப்பாட்டைத் தவிர வேறு எங்கெல்லாம் தேடுவது?

முதலில் கையைப் பார்க்க வேண்டுமாம். மாம்பழம் நறுக்கின விரலில், வாழைப்பழம் உரித்த விரலில், ரத்தம் எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரையும் சேர்ந்து மீட்டரில் ஏறிவிடுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி பார்க்க வேண்டும். சோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரக் காற்றில் அவை கெட்டுப் போகும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? நல்ல மீட்டர்கூட நூற்றுக்குப் பதினைந்து வீதம் முன்பின் காட்டலாம் என்பது சர்வதேச அளவுகோலிலேயே அனுமதிக்கப்பட்டது. ஆகையால் 200-க்கும் 215-க்கும் நடுவே சண்டை வேண்டாம்.

அடுத்தது மருந்து. இன்ஸுலின் பால் மாதிரி. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. பிரிக்காத மருந்தைப் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் அறைக்கு ஒட்டினாற்போல் வைத்து ஒரு முறை உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் அது மருந்தல்ல, வெறும் தண்ணீர் என்றே வைத்துக் கொள்ளுங்கள். உபயோகத்தில் இருப்பதை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் நம் ஊர் வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? பிரிட்ஜ் இல்லாதவர்கள் பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி வைத்து, நடுவில் மணல் போட்டு, தண்ணீர் தெளித்து வந்தால் நன்றாகவே குளிரும் என்றாள் நர்ஸ் அம்மாள். நம் பாட்டிமார் பானைத் தண்ணீருக்குச் செய்ததுதான்! நிறுத்தி வைத்த காரில் மருந்துப் பையை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குள் போகிறவர்களும் உண்டு.

இன்னொன்று, நம் தேசத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது. இங்கே இன்ஸுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊசிக் குழல்களும் அதற்கேற்ப இரண்டு தினுசு. சிவப்பு மூடி 40-க்கு. ஆரஞ்சு மூடி 100-க்கு. அவசரத்தில் மருந்துக் கடையில் எதையோ வாங்கி, 40 மருந்தை 100 குழலில் பத்தாவது கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 10 யூனிட் அல்ல, நாலே யூனிட்! சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? தலைகீழாக மாறினால் 10-க்கு 25 போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுக் குழலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

உடம்புக்குள்ளும் காரணங்கள் உண்டு. ஜலதோஷம், சொத்தைப் பல், நீர்க்கடுப்பு என்று ஒன்று உள்ளே புகுந்தால், ஜுரம் தெரிவதற்கு முன்பே சர்க்கரை தெரிந்துவிடும். பரீட்சைப் பயமும் ஏற்றும். விடியற்காலையில் உடம்பை எழுப்பத் தயாராகும் சுரப்பு நீர்களும் ஏற்றும். பரோட்டா, பிரியாணி மாதிரி எண்ணெயும் நெய்யும் சேர்ந்த சாப்பாடு உடனே காட்டாது. தூங்கப் போன பிறகு ஏற்றும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்திய சில நாட்களில் ஏறுவது சகஜம். பல தாய்மார்கள் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மாதா மாதம் புதிராகவே வைத்திருக்கிறார்கள். 12, 13 வயதில் வளர்ச்சி வேகமெடுக்கும்போது இன்ஸுலின் தேவையே கூடிவிடும். என் அக்கா மகளுக்கும் அந்த வயதுதான். நாளைக்கு அளவை ஏற்ற வேண்டி வந்தால் அது அவள் குற்றமல்ல.

இவ்வளவும் தேடியும் ஒன்றும் அகப்படாவிட்டால்?

"அப்படியும் வரும்" என்றாள் நர்ஸ் அம்மாள், சிரித்துக் கொண்டே. அப்போது செய்யக் கூடாதது, பதறிப் போய் ஊசிமேல் ஊசி போடுவது. வேகமாக வேலை செய்யும் இன்ஸுலினே முழுசாகச் செலவாக நாலு மணி நேரம் ஆகும். ஒரு மணிக்கு ஒரு தரம் போட்டால், முதலில் போட்டதும் பின்னால் போட்டதும் நடுராத்திரியில் ஒன்று சேர்ந்து கொண்டு குழந்தையைக் கீழே தள்ளிவிடும். செய்ய வேண்டியது, நிறையத் தண்ணீர் கொடுத்து, 250-க்கு மேல் இறங்காமல் நின்றால் கீட்டோன் பட்டையால் சிறுநீரைச் சோதிப்பது. இன்ஸுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கும். அதில் உண்டாகும் விஷப்பொருள் கீட்டோன். அது இருக்கும்போது, "கொஞ்சம் ஓடி விளையாடு, சர்க்கரை இறங்கும்" என்று சொல்லக் கூடாது. வாந்தி, வயிற்று வலி, மூச்சில் பழவாசனை, ஆழமாக இழுத்து இழுத்து விடும் மூச்சு என்று கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?" என்று நிறுத்தவே கூடாது. ஜுரத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கு இப்படி ஊசியை நிறுத்தித்தான் பல வீடுகளில் விபரீதம் நேர்கிறது.

ஊசி இல்லாத காலம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் மனம் நடுங்குகிறது. கனடாவில் டொராண்டோ நகரில் 1922 ஜனவரியில், லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலாக இன்ஸுலின் போட்டார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவன். முதல் ஊசி பலிக்கவில்லை. மருந்து சுத்தமாக இல்லை. காலிப் என்ற விஞ்ஞானி இரவு பகலாக அதைச் சுத்தம் செய்து கொடுக்க, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கிற்று. பையன் மேலும் 13 வருஷம் உயிரோடிருந்தான். அதற்கு முன்பு இந்த நோய் கண்ட குழந்தைகளைப் பட்டினி போட்டு, சில மாதங்களோ ஒரு வருஷமோ நாளைக் கடத்துவதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழியில்லை. காலிப்பும், பான்டிங், பெஸ்ட் என்ற மற்ற இருவரும் மருந்தின் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக் கொண்டு சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டாலர்!

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாம்பலம் போயிருந்தேன். அக்கா புது நோட்டு ஒன்று போட்டிருக்கிறாள். எண்ணுக்குப் பக்கத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். குழந்தை தன் கையாலேயே எழுதுகிறாள். "கை கழுவலை." "தும்மல்." "கணக்குப் பரீட்சை." "ஹோட்டல் பூரி, நான்தான்." இந்தக் கடைசியைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பூட்டுப் போட்டிருந்த காலத்தில் இது எழுதப்பட்டிருக்குமா?

நான் இருக்கும்போதே மாலைச் சோதனை நடந்தது. 274. குழந்தையின் கண் தானாக அம்மாவின் முகத்துக்குப் போயிற்று. அக்கா தோசைக் கல்லைப் பார்த்தபடியே, "கை கழுவிட்டுத் திரும்பப் பாரும்மா" என்றாள். 268. கீட்டோன் இல்லை. ஊசி போட்ட இடம் சரி, பேனா சரி, மத்தியானம் வழக்கமான சாம்பார் சாதம்தான். டாக்டர் சொல்லியிருந்த கணக்குப்படி ஊசி போட்டாயிற்று.

"காரணம் என்னம்மா எழுதறது?"

"'தெரியலை'ன்னு எழுது. தோசை ஆறிப் போறது, வா."